வாஷிங்டன் நினைவுத்தூண்: ஒரு டாலர் டிக்கெட், நல்ல லிஃப்ட், அதற்குப் பணம் போட்டவர்

லிஃப்ட் பராமரிப்புதான் என் தொழில். வாஷிங்டன் நினைவுத்தூணுக்குப் போய் வருகிறவர்கள் மேலிருந்து பார்த்த காட்சியைப் பற்றி எழுதுவார்கள், நான் லிஃப்டைப் பற்றித் தொடங்குகிறேன். 500 அடி உயரத்துக்கு 70 விநாடி போல ஆகிறது. கிளம்பும்போது வெட்டி இழுக்கவில்லை, நிற்கும்போது குலுக்கவில்லை. இறங்கும்போது வேகத்தைக் குறைத்து, உள்சுவரில் பதித்திருக்கும் கற்களைக் கண்ணாடி வழியாகக் காட்டுகிறார்கள். மாநிலங்களும் நகரங்களும் சங்கங்களும் கொடுத்த கற்கள், மொத்தம் 193.

ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்கு மேலே பார்த்ததைவிட இதுதான் பிடித்தது. "கோயில் டியூப்லைட்ல உபயம்னு எழுதுவாங்களே, அது மாதிரி இருக்கு மாப்பிள்ளை. அப்ப இந்த லிஃப்ட் யாரு உபயம்?"

மாமியார் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அதற்குப் பதில் உண்டு: டேவிட் ரூபன்ஸ்டைன். கார்லைல் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனத்தை, அதாவது முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டிக் கம்பெனிகளை வாங்கி விற்கும் நிறுவனத்தை, தொடங்கியவர்களில் ஒருவர். 2011 ஆகஸ்ட் 23 அன்று வர்ஜீனியாவில் 5.8 அளவு நிலநடுக்கம் வந்து தூணில் விரிசல் விட்டது. பழுதுபார்க்க ஒன்றரைக் கோடி டாலர். அதில் பாதி, 75 லட்சம், அவர் கொடுத்தார். மீதி அரசுப் பணம். 2014 மே மாதம் திறந்தார்கள். அப்புறம் லிஃப்ட் படுத்த ஆரம்பித்தது. 2016 ஆகஸ்டில் மூடியது, 2019 செப்டம்பரில்தான் மறுபடி திறந்தது. லிஃப்டைப் புதுப்பிக்கவும் அவர் பணம் கொடுத்தார்.

இது எவ்வளவு அபூர்வம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள். புதுக் கட்டடத்துக்குப் பெயர் வைக்க நன்கொடையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். பழைய லிஃப்டின் கன்ட்ரோலை மாற்ற ஒருத்தரும் வர மாட்டார்கள்.

மேலே பக்கத்துக்கு இரண்டு சின்ன ஜன்னல்கள். குனிந்து பார்க்க வேண்டும், முன்னால் நிற்பவர் நகரும்வரை காத்திருக்க வேண்டும். வடக்கே வெள்ளை மாளிகை. பால்டிமோரில் தபால் துறை ஊழியரின் மகனாகப் பிறந்த ரூபன்ஸ்டைன், முப்பது வயதுக்குள்ளேயே அங்கே ஜிம்மி கார்ட்டரின் உள்நாட்டுக் கொள்கைக் குழுவில் இருந்தார். 1980 தேர்தலில் கார்ட்டர் தோற்றதும் வேலை போயிற்று. கொஞ்ச காலம் வக்கீல் தொழில், 1987இல் கார்லைல். பணம் நியூயார்க்கில் இருக்க, இவர்கள் வாஷிங்டனில் கடை போட்டார்கள். பாதுகாப்புத் துறை நிறுவனங்களை வாங்கி விற்றுத்தான் பெயர் எடுத்தார்கள். முன்னாள் அமைச்சர்களும், பதவி முடிந்த பெரிய புஷ்ஷும்கூட அதன் ஆலோசகர்களாக இருந்தார்கள்.

கிழக்கு ஜன்னலில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் வரிசையாகத் தெரியும். அதன் ஆட்சிக்குழுவுக்கும் இவர் தலைவராக இருந்திருக்கிறார். அந்தப் பக்கமே தேசிய ஆவணக் காப்பகமும். 2007இல் 2.13 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்த 1297ஆம் ஆண்டு மேக்னா கார்ட்டா (மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை போட்ட இங்கிலாந்து சாசனம்) பிரதியை, தன் வீட்டில் வைக்காமல் அங்கே நீண்டகால இரவலாகக் கொடுத்தார். மேற்கே லிங்கன் நினைவகம், அதற்கும் 1.85 கோடி. எந்த ஜன்னலில் போய் நின்றாலும் இவர் கணக்கு ஒன்று தட்டுப்படுகிறது. அத்தை கடைசியில், "போதும் மாப்பிள்ளை, எனக்கு வெள்ளை மாளிகையைக் காட்டுங்க" என்றுவிட்டார்.

எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. கார்லைல் 2007இல் மேனர்கேர் என்ற முதியோர் இல்ல நிறுவனத்தை 600 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. 2018இல் அது திவாலானது. பிரைவேட் ஈக்விட்டி மேலாளர்களின் லாபப் பங்குக்குக் குறைந்த வரி போடும் சலுகையை ஆதரித்துப் பேசியவர்களில் ரூபன்ஸ்டைனும் ஒருவர். வரியாக வந்திருக்க வேண்டிய பணம் நன்கொடையாக வந்தால், எதைப் பழுதுபார்ப்பது என்று முடிவெடுப்பது அவராகிவிடுகிறார். லிஃப்ட் நம் அதிர்ஷ்டம், அவர் கண்ணில் பட்டது.

ஆனால் எவ்வளவு கொடுத்தாலும், நன்கொடை வாங்கும் இடத்தின் தலைவர் நாற்காலி, அவர் வாங்கிப்போட்ட கம்பெனி மாதிரி அவருக்குச் சொந்தமில்லை. வடமேற்கே ஆற்றோரம் இருக்கும் கென்னடி கலை மையத்தின் வாரியத்துக்கு 2010 முதல் தலைவர். 10 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தவர். 2025 பிப்ரவரியில் டிரம்ப் அவரை நீக்கிவிட்டு, தானே தலைவரானார். கார்லைலில் இப்படி நடக்குமா என்ன?

சரி, சேவைக்கு வருகிறேன். ஐந்துக்கு நாலரை. பூங்காத் துறை ஊழியர்கள் வயதானவர்களை அவசரப்படுத்தவில்லை, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அரை மதிப்பெண் குறைத்தது ஜன்னல் நெரிசலுக்கு. இணையத்தில் முன்பதிவு செய்தால் தலைக்கு ஒரு டாலர் கட்டணம், அது திரும்ப வராது. அன்றன்றைக்கு இலவச டிக்கெட்டும் உண்டு, 15ஆம் தெருவில் இருக்கும் லாட்ஜில் (தங்கும் விடுதி இல்லை, டிக்கெட் தரும் கட்டடத்தின் பெயர்) காலையில் வரிசையில் நிற்க வேண்டும். பெரிய பையும் சாப்பாடும் கொண்டுபோக முடியாது. உள்ளே கழிப்பறை கிடையாது. பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் லாட்ஜிலேயே அந்த வேலையை முடித்துவிட்டு ஏறுங்கள்.