ஹனி எக்ஸ்டென்ஷன்: கூப்பன் நமக்கு, கமிஷன் யாருக்கு?

இணையக் கடைகளில் கூப்பன் தேடித் தரும் இலவச பிரவுசர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் சிறு நிரல்) ஹனி. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி எதில் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் ஏற்றிவிடலாம். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் ஓரத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். சரி என்றால் கைவசமுள்ள கூப்பன்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அதிகம் குறைப்பதை வைத்துக்கொள்ளும். காலாவதியான கூப்பன்களோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இந்த இலவசப் பொருளை, இணையப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபால் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவித்தது. வருமானம் கமிஷனில் இருக்கிறது. ஒரு பொருளைப் பரிந்துரைக்கும் யூடியூபரின் லிங்க் வழியாகக் கடைக்குள் போனால் அவர் பெயரில் ஒரு குக்கி (பிரவுசர் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு) பதியும். நீங்கள் வாங்கினால் அவருக்குப் பங்கு. பெரும்பாலான கடைகள் 'கடைசிக் கிளிக்' யாருடையதோ அவருக்கே முழுக் கமிஷனையும் தருகின்றன. பணம் கட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்டென்ஷனுக்குத்தானே அந்தக் கடைசிக் கிளிக் வசதி!

2024 டிசம்பரில் மெகாலேக் என்ற யூடியூப் சேனல் எழுப்பிய குற்றச்சாட்டு இதுதான்: கூப்பன் எதுவும் கிடைக்காதபோதும், அந்தப் பெட்டியைக் கிளிக் செய்தாலே குக்கி ஹனியின் பெயருக்கு மாறிவிடுகிறது. ஹனியோடு கூட்டு வைத்த கடைகள் எந்தக் கூப்பனைக் காட்டலாம் என்று தீர்மானிக்க முடிகிறது என்றும் அது சொன்னது. கடைசிக் கிளிக் இந்தத் தொழிலின் வழக்கம் என்பது பேபாலின் பதில். கூப்பன் தேடித் தந்துவிட்டுக் கமிஷன் எடுத்தால் அது கூலி. ஒன்றும் தராமல் எடுத்தால் கூலி என்ற பேச்சே இல்லை. 2025 மார்ச்சில் குரோம் தன் விதியைத் திருத்தி, பயனருக்கு நேரடிப் பலன் இல்லாத இடத்தில் எக்ஸ்டென்ஷன்கள் கமிஷன் லிங்க் சேர்ப்பதைத் தடுத்தது.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். குரோமிலோ எட்ஜிலோ எஃப்12 அழுத்தி, அப்ளிகேஷன் பகுதியில் குக்கிகளைத் திறந்து, பெட்டியைக் கிளிக் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

பரிந்துரைத்தவருக்கே பங்கு போக வேண்டுமென்றால் முதலில் சாதாரண விண்டோவில் கூப்பனைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வாங்க வேண்டாம். பிறகு இன்காக்னிட்டோவில் (பிரவுசரின் தனிப்பட்ட விண்டோ) அவருடைய லிங்கைத் திறந்து, பொருளை மறுபடி கூடையில் போட்டு, கூப்பனைக் கையால் தட்டுங்கள். நீங்களாக அனுமதிக்காதவரை எக்ஸ்டென்ஷன் அங்கே இயங்காது. ஒரு சிக்கல் உண்டு: தாங்கள் அங்கீகரிக்காத கூப்பனைப் போட்டால் சில கடைகள் பரிந்துரைத்தவரின் கமிஷனையே ரத்து செய்துவிடும். அவரே கூப்பன் தந்திருந்தால் அதைப் போடுவதுதான் பத்திரம்.

சிறிய கடைக்காரர்களுக்கு வேறு தலைவலி. ஊழியர்களுக்கோ பழைய வாடிக்கையாளர்களுக்கோ கொடுத்த பொதுக் கூப்பன் ஒன்று வெளியே கசிந்து இத்தகைய எக்ஸ்டென்ஷன்களில் ஏறினால், ஊரே அந்தத் தள்ளுபடியில் வாங்கும். 'ஸ்டாஃப்30' என்று எளிதில் ஊகிக்கக்கூடிய பெயர் வைக்காதீர்கள். ஆளுக்கொரு கூப்பன், ஒரே முறை பயன்பாடு, குறைந்தபட்சத் தொகை, காலாவதித் தேதி ஆகிய நான்கையும் போட்டுவிட்டு அனுப்புங்கள்.