தடா பக்கம் ஜப்பான் சாப்பாடு சாப்பிடப் போகிறவர்களுக்கு: சூப்பையும் பில்லையும் பார்த்துக்கொள்ளுங்கள்

ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆந்திர எல்லை தாண்டி தடா, ஸ்ரீசிட்டி பக்கம் போய்ச் சாப்பிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் போயிருக்கிறது, அது முடியும்வரை பெயரைச் சொல்லாதே என்று வக்கீல் நண்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

தடாவில் ஜப்பான் கடையா என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். எங்களுக்கு இது புதிதில்லை. சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கத்து நிலமெல்லாம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையாக மாறிய பிறகு ஜப்பான் கம்பெனிகள் வரிசையாக வந்தன: இசுசு வந்தது, கோபெல்கோ வந்தது, டைகின் வந்தது. தைவான்காரர்களின் ஃபாக்ஸ்கான் 2015இலேயே அங்கே ஷாவ்மி போன் பொருத்தத் தொடங்கிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் வந்தால் அவர்கள் வாய்க்குச் சோறு வேண்டுமே. அப்படி முளைத்த கடைகளில் ஒன்றுதான் இது. மாடியில் ஆறேழு மேஜை, வாசலில் காகித விளக்கு, பலகையில் 'ஜப்பான் - தைவான் வீட்டுச் சாப்பாடு'. நானும் ஸ்ரீசிட்டியில்தான் வேலை பார்க்கிறேன். இந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, 2025 அக்டோபர் 4. காலையில் அம்மா பெருமாளுக்குத் தளிகை போட்டார். சாயங்காலம் எல்லாருமாக சூளூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறோம். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு ரொம்ப நாளாக பபிள் டீ ஆசை. "அப்பா, அங்க வெஜ் இருக்குப்பா, என் ஃபிரண்டு போயிருக்கா" என்றாள். சரி, போவோம் என்று வண்டியை நிறுத்தினேன்.

எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முழுக்க கவிச்சி கிடையாது. (கம்பெனி கேன்டீன் முட்டை என் தனிக் கணக்கு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.) அம்மாவுக்குப் பிறந்த ஊர் பழவேற்காடு பக்கம். மற்ற பதினோரு மாதமும் மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் ஒரு மாதம் நாக்கைக் கட்டிவைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத்தான் தெரியும். அதனால் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன்: மீன், கறி, முட்டை எதுவும் படக்கூடாது, அம்மா விரதம். கல்லாவில் இருந்த முதலாளியே எழுந்து வந்தார். தமிழும் தெலுங்கும் சரளமாகப் பேசுகிறார். மெனு அட்டையில் பச்சைப் புள்ளி போட்டிருந்த வரிகளைக் காட்டி, "இதெல்லாம் ப்யூர் வெஜ் சார், கண்ண மூடிக்கிட்டு சாப்பிடலாம்" என்றார். அந்தப் பச்சைப் புள்ளி வரிசையில் முதலாவதாக நின்றது மிசோ சூப், புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்துச் செய்வது.

சூப் வந்தது. சின்னக் கிண்ணம், கலங்கிய பழுப்பு நிறம், மேலே வெங்காயத்தாள், அடியில் டோஃபு துண்டும் கொஞ்சம் கடல்பாசியும். அம்மா ஒரு வாய் வைத்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாடா இது, கருவாட்டு வாசனை அடிக்குது?"

முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "அது கடல்பாசிம்மா. கடல்ல விளையுதுல்ல, அந்த வாசனைதான். ஏமீ காதம்மா (ஒண்ணும் ஆகாதும்மா), தாராளமா குடிங்க" என்றார். அம்மா மறுபடி என்னைப் பார்த்தார். இந்த இடத்தைத்தான் இன்னும் என்னால் கடக்க முடியவில்லை. நான் ஜப்பான்காரர்களோடு வேலை செய்கிறவன் அல்லவா, எல்லாம் தெரிந்தவன் அல்லவா? "ஆமாம்மா, பாசிதான், சத்து, குடிங்க" என்று நானும் சொன்னேன். மகன் சொல்கிறானே என்று முழுக் கிண்ணத்தையும் குடித்தார். பிறகு வந்த உடோன் நூடுல்ஸ் தண்ணீரிலும் அதே வாசனை. இந்த முறை அம்மா ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாயோடு ஒதுக்கி வைத்துவிட்டு மருமகளின் தட்டிலிருந்த சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மற்ற உணவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கியோசா என்பது ஒரு பக்கம் மட்டும் மொறுமொறுப்பாக வாட்டி எடுக்க வேண்டிய கொழுக்கட்டை மாதிரியான பண்டம். இங்கே எண்ணெயில் முழுக்கப் பொரித்து சமோசாவுக்குத் தம்பியாக்கியிருந்தார்கள். சோற்றோடு பொரித்த துண்டும் குழம்பும் வைத்துத் தரும் கட்சு கறி சுமார். ருசி இல்லை என்பதற்காகவெல்லாம் நான் எச்சரிக்கை எழுத மாட்டேன், சமைக்கத் தெரியாதது குற்றமில்லை.

பபிள் டீ மட்டும் சொல்லியாக வேண்டும், தைவான் என்று பலகையில் போட்டதற்கு ஒரே சாட்சி அதுதான். 1980களில் தைவானில் பிறந்த பானம் இது. மரவள்ளி மாவில் உருட்டிய பெரிய கறுப்பு முத்துகளை வேகவைத்து, வெல்லப்பாகு மாதிரியான சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, பால் டீயில் போட்டுத் தர வேண்டும். வெந்த முத்து சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், அதனால் அன்றன்றைக்குச் செய்தாக வேண்டும். எங்களுக்கு வந்தது பொடி வெள்ளை ஜவ்வரிசி. அதுவும் மரவள்ளிதான், இல்லை என்று சொல்லவில்லை. சேலத்து ஜவ்வரிசியை ஆறிப்போன டீயில் போட்டு 220 ரூபாய். மகள் ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "அப்பா, இது பாயசம்ப்பா" என்றாள். முந்திரிப் பருப்பும் திராட்சையும் இல்லாத பாயசம்.

அப்புறம் பில் வந்தது. அதை அப்படியே தருகிறேன். மிசோ சூப் இரண்டு 360, வெஜ் உடோன் 380, வெஜ் கட்சு கறி 420, வெஜ் கியோசா 260, பபிள் டீ இரண்டு 440, தண்ணீர் பாட்டில் 80. ஆக மொத்தம் 1,940 ரூபாய். அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், 194. இரண்டையும் கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 384. கடைசித் தொகை 2,518.

நான் கணக்கில் புலி இல்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியில் பிரியாணி சாப்பிட்டாலும் சென்னையில் டிபன் சாப்பிட்டாலும் ஐந்து சதவீதம்தானே போடுகிறார்கள், இங்கே எப்படி 18 என்று கேட்டேன். முதலாளிக்குப் பதில் தயாராக இருந்தது. "சார், பேப்பர் பாக்கலையா? செப்டம்பர் 22ல இருந்து ரேட் எல்லாம் மாறிடுச்சு. பழைய ஸ்லாப் எடுத்துட்டாங்க."

பொய் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும், பாதி உண்மையோடு. செப்டம்பர் 22 முதல் மாறியது உண்மை. 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்ததும் உண்மை. ஆனால் சாதாரண ஓட்டலுக்கு அன்றும் ஐந்து, இன்றும் ஐந்து. நாளொன்றுக்கு அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெரிய விடுதிகளுக்குள் இருக்கும் உணவகத்துக்குத்தான் 18. மாடியில் ஆறேழு மேஜை போட்ட கடைக்கு அது எங்கிருந்து வந்தது? சர்வீஸ் சார்ஜ் என்ன என்று கேட்டதற்கு, "அதுவும் டாக்ஸ்தான் சார், கம்பல்சரி" என்றார். அம்மா களைத்துப் போயிருந்தார், மகள் கையைப் பிடித்து இழுத்தாள். யுபிஐயில் பணத்தை அனுப்பிவிட்டு இறங்கிவிட்டேன்.

இரவு தூக்கம் வரவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கியது. எல்லையில் இருக்கிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திராவுக்கு 37. கடை இருப்பது திருப்பதி மாவட்டத்தில். நான் சாப்பிட்டது ஆந்திர மண்ணில், பில் போட்டது தமிழ்நாட்டுக் கணக்கில். ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கம் இருக்கிறது, லாகின்கூட வேண்டாம். பதினைந்து இலக்க எண்ணைப் போட்டேன். நம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் வேறொரு முகவரியில் வேறொரு கடை. அதுவும் காம்போசிஷன் திட்டத்தில் பதிவானது. அந்தத் திட்டத்தில் இருக்கிறவர் விற்றுமுதலில் ஒரு பங்கைத் தன் கையிலிருந்து வரியாகக் கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 18 சதவீதமா ஐந்து சதவீதமா என்ற சண்டையே வேண்டாம், அந்த எண்ணைப் போட்டு வாங்கக்கூடிய வரி பூஜ்யம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினான்கு இலக்க எண் 2022 முதல் பில்லில் இருக்க வேண்டும். அந்த இடம் வெறும் கோடு.

சர்வீஸ் சார்ஜை தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் ஆணையம் சொன்னதுதான் சரி என்றது. மனமிருந்தால் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை, அது வரியும் இல்லை.

ஒரு விஷயத்தில் நான் தோற்றுப் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 20 ரூபாய் என்று அச்சடித்த தண்ணீர் பாட்டிலுக்கு 80 வாங்கினானே, அதுதான் பெரிய குற்றம் என்று நினைத்து வக்கீல் நண்பரிடம் குதித்தேன். அவர் சிரித்தார். உட்காரவைத்துப் பரிமாறும் ஓட்டலில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதாம். அதனால் தண்ணீரைப் புகாரிலிருந்து எடுத்துவிட்டோம். நீங்களும் அதை வைத்துச் சண்டை போடாதீர்கள், அசல் விஷயம் அடிபட்டுவிடும்.

திங்கட்கிழமை வேலையில் எங்கள் ஜப்பானிய எஞ்சினியரிடம் சூப் கதையைச் சொன்னேன். நல்ல மனிதர், நிதானமாகத்தான் பேசுவார். கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "தாஷி எதில் போட்டார்கள்?" என்றார். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைக் கேட்டேன். நமக்கு ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் மாதிரி அவர்களுக்குத் தாஷி. மிசோ சூப், உடோன் என்று பெரும்பாலானவற்றுக்கு அதுதான் அடித்தண்ணீர். வழக்கமாக அதில் போவது கட்சுவோபுஷி: சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்து, சீவி எடுப்பது. தென்கடற்கரைக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும், மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

அம்மாவின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பழவேற்காட்டுப் பெண்ணிடம் கருவாட்டு வாசனையைப் பாசி வாசனை என்று விற்றிருக்கிறார்கள். விற்றவருக்கு நான்தான் சாட்சிக் கையெழுத்து.

மீன் இல்லாமல் செய்யவே முடியாதா என்று கேட்டேன். முடியும் என்றார் அவர். அங்கே புத்த மடங்களில் துறவிகள் சைவம்தான், கடல்பாசியையும் காய்ந்த காளானையும் ஊறவைத்தே தாஷி எடுப்பார்கள். அந்தப் பாசியின் பெயர் கொம்பு. மாட்டுக் கொம்பு இல்லை, பெயரே அப்படி. அதாவது கடைக்காரர் நினைத்திருந்தால் உண்மையான சைவ சூப்பே கொடுத்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பில் விஷயமாகக் கடைக்குப் போனேன். முதலாளி இல்லை. சமையலறையில் இருந்த ஒருவரிடம் சூப்புக்கு என்ன போடுகிறீர்கள் என்று சும்மா கேட்டேன். ஒளிவுமறைவில்லாமல் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். தாஷித் தூள், முகப்பிலேயே மீன் படம். எல்லா சூப்புக்கும் அதுதான், வெஜ்ஜுக்குத் தனியாக எதுவும் இல்லை என்றார். அவர் யார், எந்த ஊர் என்று எழுத மாட்டேன். அங்கே உண்மை பேசியது அவர் ஒருவர்தான், அவர் வேலை போக வேண்டாம்.

அதனால் இந்த மாதிரிக் கடைகளில் 'வெஜ்ஜா?' என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். பல இடங்களில் மேலே கறி மிதக்கவில்லை என்றாலே வெஜ்தான். 'தாஷி எதில்? தண்ணீரில் மீன் தூள் இருக்கிறதா? பாக்கெட்டைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்துவிடுங்கள். பில் வெப்பத் தாளில் அடிப்பது, நாள்பட நாள்பட எழுத்து மங்கிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்தது என்னைக் காப்பாற்றியது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசிப் பதிவு செய்தேன். கடை ஆந்திராவில், நான் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில், எங்கே அலைவது என்று முதலில் மலைத்தேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. உணவுப் பாதுகாப்புப் புகார் மட்டும் அந்தப் பக்கத்து அதிகாரிக்குத்தான் போக வேண்டும், அதையும் அனுப்பியாகிவிட்டது. உதவி எண்ணிலிருந்து கடைக்குத் தகவல் போன மூன்றாம் நாள் 384 ரூபாய் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. 'கம்ப்யூட்டர் மிஸ்டேக்' என்று ஒரு வரிச் செய்தி. 194 இன்னும் வரவில்லை. சூப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அம்மாவிடம் சொல்லாமல் மறைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "எனக்குத் தெரியும்டா" என்றார், அவ்வளவுதான். நான்காம் சனிக்கிழமை இன்னொரு தளிகை போட்டார். மூன்றாம் வாரத்துக் கணக்கு சேராதாம். பூஜை முடிந்து இலை போட்டு உட்கார்ந்தோம். என் இலையில் சாம்பாரை ஊற்றியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "குடி, குடி. இதுல கடல்பாசி இல்ல."