கம்பெனி வீடுகளில் நாலு வருடம்: மளிகை, சாப்பாட்டுச் சேவைகளோடு என் அனுபவம்

வேலை விஷயமாக மாதக்கணக்கில் வெளியூரில் தங்குவது எனக்கு இது நாலாவது வருடம். தங்குவது ஹோட்டலில் இல்லை. கம்பெனி வாடகைக்கு எடுத்துக் கொடுக்கும், கட்டில் மேஜையோடு கூடிய சின்ன வீடு. ஒரு சமையல் மேடை, இடுப்பு உயர ஃபிரிட்ஜ், ஒரு மைக்ரோவேவ், இரண்டு பாத்திரம். குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் ஐந்து மாதம் என்று இதுவரை பதினொரு வீடுகள் மாறியிருக்கிறேன்.

இந்த வீடுகளில் நான் பயன்படுத்தியவை நாலு வகை. நாம் போய்ச் சேருமுன்பே ஃபிரிட்ஜை நிரப்பி வைக்கும் சேவை, மளிகையை வாசலுக்குக் கொண்டுவரும் ஆப், அளந்து போட்ட பொருளோடு வரும் சமையல் பெட்டி, சமைத்தே வரும் வாரச் சாப்பாடு. எதை எடுக்கலாம் என்று புதிதாகக் கிளம்புகிற சக ஊழியர்கள் கேட்கும்போது நான் சொல்வது ஒன்றுதான்: என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், என்றைக்கு வருகிறீர்கள், என்றைக்குக் கிளம்புகிறீர்கள், அங்கே என்ன அடுப்பு இருக்கிறது என்று கேட்கிற சேவையை எடுங்கள். ருசி, விலை, ஆப் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் ராத்திரியிலிருந்து சொல்கிறேன். விமானம் தாமதமாகி, வீட்டுக்குள் நுழையும்போது மணி பதினொன்று. ஃபிரிட்ஜைத் திறந்தால் பால், வெண்ணெய், ஆறு முட்டை, ஒரு பெரிய கொத்துக் கீரை, மேஜை மேல் ரொட்டி. முன்கூட்டியே ஆர்டர் செய்து வைத்தது எல்லாம் சரியாக வந்திருந்தது. முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றப் போகும்போதுதான் எண்ணெயும் இல்லை, உப்பும் இல்லை என்று தெரிந்தது. வெண்ணெய் இருந்ததால் எண்ணெய் இல்லாமல் சமாளித்தேன். உப்புக்குக் கீழே இறங்கிப் போய்க் காவலாளியிடம் கேட்டேன். அவர் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். அந்த உப்பில் ஒரு வாரம் ஓட்டினேன்.

தப்பு அந்தச் சேவையுடையது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் உப்பு, எண்ணெய் எல்லாம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போட்ட படிவம் அது. பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவருக்கு அது பொருந்தும். காலியான வீட்டுக்குள் பெட்டியோடு நுழைகிறவருக்குப் பொருந்தாது. அதிலிருந்து முதல் ஆர்டரில் நான் சேர்ப்பவை மாறிவிட்டன: உப்பு, சின்ன எண்ணெய் பாட்டில், குடிநீர், பாத்திரம் தேய்க்க ஸ்பாஞ்சும் சோப்பும், குப்பைப் பை, தீப்பெட்டி. மற்றதெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபிரிட்ஜை நிரப்பி வைக்கும் சேவைக்கு உண்மையான சோதனை சாவி விஷயத்தில்தான் வருகிறது. வீட்டை நிர்வகிக்கிறவர் ஒருத்தர், கடையிலிருந்து வாங்குகிறவர் இன்னொருத்தர், கதவைத் திறந்துவிடுகிறவர் மூன்றாவது ஆள். இந்த மூன்று பேருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை சரியாக இல்லாவிட்டால், நம் பால் லாபியில் உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை காலை பத்து மணிக்கு வந்த பைகள் நான் சாயங்காலம் ஏழு மணிக்குப் போகிறவரை வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் இருந்தன. கெட்டுப்போகும் பொருள் ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பாலையும் கோழியையும் அப்படியே குப்பையில் போட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் போட்டேன். ஊர் புதுசு, மறுநாள் காலையில் முக்கியமான கூட்டம். அந்த நிலையில் வயிற்றைப் பணயம் வைக்க முடியாது. சேவைக்கு எழுதினேன். பாதிப் பணம் திரும்பி வந்தது. மறுபடி அவர்களிடம் போகவில்லை. சாமானை ஃபிரிட்ஜுக்குள் வைத்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களிடம் மட்டும்தான் இப்போது கொடுக்கிறேன்.

ஃபிரிட்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வீடுகளில் முன்னால் தங்கினவர் குமிழை எந்த எண்ணில் வைத்துவிட்டுப் போனார் என்று யாரும் பார்ப்பதில்லை. விரல் நீளத்துக்கு ஒரு சின்ன வெப்பமானியைப் பெட்டியில் எப்போதும் வைத்திருக்கிறேன். உள்ளே 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். பதினொரு வீடுகளில் மூன்றில் அது 8, 9 என்று காட்டியது. உறைபெட்டிக் கதவில் நட்சத்திரக் குறி இருந்தால் அதையும் பாருங்கள். ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. உறையவைத்த சாப்பாட்டை மாதக்கணக்கில் வைக்க மைனஸ் 18 வேண்டும். ஒற்றை நட்சத்திரப் பெட்டி ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். இது தெரியாமல் ஒரு மாதச் சாப்பாட்டை மொத்தமாக ஆர்டர் செய்து, பெட்டியில் இடமும் இல்லாமல், குளிரும் பத்தாமல் நான் பட்ட பாடு போதும்.

மளிகை ஆப்களைப் பற்றிப் பெரிதாகப் புகார் இல்லை. பழகிவிட்ட விஷயம்தான். 1999-ல் டெலிவரியைத் தொடங்கிய வெப்வேன் என்ற அமெரிக்க நிறுவனம், 30 நிமிட இடைவெளிக்குள் சாமான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக் கிடங்குகளில் பணத்தைக் கொட்டி, 2001-ல் திவாலானது. அன்றைக்கு முடியாதது இன்றைக்குச் சாதாரணமாகிவிட்டது. ஆனால் எனக்கு வேகத்தைவிட நேரம் முக்கியம். ஆபீஸிலிருந்து ஏழு மணிக்கு வருகிறவனுக்கு மூன்று மணி டெலிவரியால் பிரயோஜனம் இல்லை. எட்டிலிருந்து ஒன்பதுக்குள் என்று இடைவெளி கொடுத்து, அதைக் காப்பாற்றுகிற ஆப் போதும்.

இந்த ஆப்களில் என்னை நெகிழ வைத்தது ஒரு விஷயம். வாழைப்பழம் கேட்டிருந்தேன். பையோடு ஒரு சின்னத் தாள், பேனாவில் எழுதியது: ‘பழுத்தது இன்றைக்கே கறுத்துவிடும்போல இருந்தது. நாலு பச்சையாகவும் இரண்டு பழமாகவும் எடுத்தேன். பச்சை புதன்கிழமைக்குப் பழுக்கும்.’ அப்படியே புதன்கிழமை பழுத்தது. கேட்டது இல்லாதபோது வேறு எதைப் போடுவது என்பதில்தான் கடைக்காரரின் அக்கறை தெரியும். கொழுப்பு நீக்கிய பால் இல்லை என்றால் முழுப் பால் போடலாம். ஒவ்வாமை காரணமாக வேர்க்கடலை வேண்டாம் என்று சொன்னவருக்கு, வேறு கம்பெனிப் பொட்டலம் என்ற பெயரில் வேர்க்கடலை கலந்ததைப் போடக்கூடாது. எனக்கு ஒவ்வாமை இல்லை, என்னோடு வேலை செய்கிறவருக்கு உண்டு. அவர் தன் ஆர்டரில் ‘மாற்றுப் பொருள் வேண்டாம்’ என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகத் தட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மொத்த ஆர்டருக்கும் ஒரே பொத்தான் வைத்தால் என்ன?

சரி, சமையல் பெட்டிகள். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வெங்காயத்தை நறுக்கி எண்ணெயில் போடுகிற சத்தத்தில்தான் அந்த வீடு என் வீடு மாதிரி ஆகும். ஆனால் இந்தப் பெட்டிகள் குடும்பங்களுக்காகப் பிறந்தவை. 2007-ல் ஸ்வீடனில் இது தொடங்கியபோது, சாயங்காலம் என்ன சமைப்பது என்று தவிக்கிற குடும்பங்கள்தான் வாடிக்கையாளர்கள். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை. பெரும்பாலான சேவைகளில் ஒரு உணவு என்றால் குறைந்தது இரண்டு பேருக்கு. தனியாக இருப்பவர் ஒன்றை ராத்திரியும் இன்னொன்றை மறுநாளும் சாப்பிட வேண்டும். வாரத்துக்கு மூன்று உணவு எடுத்தால் ஆறு வேளை. எனக்கு ராத்திரி சமையல் நாலுதான், வியாழன் சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிவிடுவேன். இந்தக் கணக்கைப் போடாமல் முதல் இரண்டு மாதம் காய்கறியை வீணாக்கினேன்.

மிச்சத்தை எவ்வளவு நாள் வைக்கலாம் என்பதும் இங்கேதான் வருகிறது. சமைத்ததைச் சீக்கிரம் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். மறுபடி சுட வைக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். சோறு மட்டும் தனிக் கதை. அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோற்றை மேஜையிலேயே விட்டால் அவை முளைத்து, பெருகி, நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. ஆகவே ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மிச்சச் சோற்றை அகலமான தட்டில் பரப்பி, ஆறியவுடன் உள்ளே வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

அடுப்பு விஷயத்தில் ஒரு பெட்டி என்னைத் தவிக்க விட்டது. செய்முறை அட்டையில் ‘ஓவனில் 200 டிகிரியில் 25 நிமிடம்’ என்று இருந்தது. என் வீட்டில் ஓவன் கிடையாது, ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும். இரண்டு வாணலி, ஒரு பாத்திரம் ஒரே நேரத்தில் வேண்டும் என்று கேட்கிற செய்முறைகளும் அப்படித்தான். அதோடு, வீட்டிலிருந்த அலுமினிய வாணலியை இண்டக்‌ஷன் ஏற்றுக்கொள்ளவில்லை. அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டினால்தான் அது சூடாகும். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரமாக ஒட்டிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று ஒட்டியது. அந்தப் பாத்திரத்தில் மூன்று மாதம் எல்லாம் சமைத்தேன். அப்புறம் வந்த ஒரு சேவை, பதிவு செய்யும்போதே ‘எத்தனை அடுப்பு, ஓவன் உண்டா, மைக்ரோவேவ் உண்டா’ என்று கேட்டு, அதற்கு ஏற்ற உணவுகளை மட்டும் காட்டியது. அன்றைக்கே ஒரு வருடச் சந்தா கட்டினேன். இடம் மாறினால் முகவரியை மாற்றிக்கொள்ளலாம், ஊரில் இல்லாத வாரத்துக்குப் பெட்டி வேண்டாம் என்று அதற்கு முந்தின வாரம் வரை சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். இந்த இரண்டும் இல்லாத சந்தாவை நம்மைப் போல அலைகிறவர்கள் எடுக்கவே கூடாது. வேறொரு சேவையில், நான் ஊரில் இல்லாத இரண்டு வாரத்துக்கும் பெட்டி வாசலில் வந்து கிடந்து, பக்கத்து வீட்டுக்காரர் நாற்றம் தாங்காமல் எடுத்துப் போட்டார்.

பெட்டியோடு வரும் குளிர் பைகளையும் கவனியுங்கள். ஜெல் பை என்றால் மேலே தொட்டுப் பார்த்து, பாதியாவது கெட்டியாக இருந்தால் நிம்மதி. அந்த ஜெல்லைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். உலர் பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வந்தால் வெறும் கையால் தொடக்கூடாது. அது மைனஸ் 78.5 டிகிரி. ஜன்னலைத் திறந்து வைத்து அதுவாக ஆவியாகிப் போக விடுங்கள்.

சமைத்தே வரும் வாரச் சாப்பாடு எனக்கு வேலை நெருக்குகிற வாரங்களில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து டப்பா வரும், மைக்ரோவேவில் நாலு நிமிடம். குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைவில் நிற்கவும் ஒன்றுமில்லை. மூடியில் தயாரித்த தேதியையும் சாப்பிட்டு முடிக்க வேண்டிய தேதியையும் பெரிய எழுத்தில் போடுகிறவர்களை எடுங்கள். ‘இதற்குள் சாப்பிட்டால் நல்லது’ என்பது ருசியைப் பற்றியது. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பைப் பற்றியது. இரண்டாவது தேதி தாண்டினால் யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டும்.

பில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தினப்படி மொத்தமாகக் கிடைக்கிறவர்களுக்குக் கவலை இல்லை. என் கம்பெனியில் ரசீது வைத்தால்தான் பணம். மளிகை ரசீதில் சாப்பாட்டுப் பொருளோடு ஷாம்பூவும் பேட்டரியும் இருந்தால் கணக்குப் பிரிவு மொத்த ரசீதையும் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே சாப்பாட்டுக்கு ஒரு ஆர்டர், மற்றதற்குத் தனி ஆர்டர். சந்தா என்றால் மாதம் ஒரு தடவை மொத்தமாகப் பணம் எடுக்காமல், பெட்டிக்கு ஒரு ரசீது தருகிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் நான் எதையும் புதிதாக ஆர்டர் செய்வதில்லை. அலமாரியையும் ஃபிரிட்ஜையும் பார்த்து, இருப்பதை வைத்தே நாலு ராத்திரியை ஓட்டுவேன். பிரிக்காத பொட்டலங்களை வீடு துடைக்க வருகிற அம்மாவிடம் கேட்டு, வேண்டும் என்றால் கொடுத்துவிடுவேன். உப்பையும் எண்ணெயையும் மட்டும் மேடை மேலேயே விட்டு, பக்கத்தில் ஒரு தாள் வைப்பேன்: என்றைக்கு வாங்கினது, எந்தப் பாத்திரத்தில் காந்தம் ஒட்டும், ஃபிரிட்ஜ் குமிழ் எந்த எண்ணில் இருந்தால் 4 டிகிரி வரும் என்று. போன மாதம் பதினொன்றாவது வீட்டுக்குள் நுழைந்தபோது மேடை மேல் யாரோ விட்டுப்போன பாதி உப்புப் பொட்டலம் ஒன்று, வாய் மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, எனக்காகக் காத்திருந்தது.