வாசலில் மணியடித்துக் கட்டர் மூடி விற்பவர்கள்: கலிஃபோர்னியா மலையோர வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

எல் டொராடோ ஹில்ஸ், ஃபோல்சம், சான் ரமோன், ஃப்ரீமாண்ட் மலைச்சரிவு என்று காட்டுத்தீ அபாயப் பகுதிக்கு உள்ளேயோ ஓரத்திலோ வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை முழுக்கப் படித்த பிறகே எதிலும் கையெழுத்துப் போடுங்கள். மழை ஓய்ந்து புல் காய ஆரம்பித்ததும் கட்டருக்கு, அதாவது கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் வாய்க்காலுக்கு, மூடி விற்பவர்கள் தெருத்தெருவாக வருகிறார்கள். "இதைப் போட்டால் தீப்பொறி உள்ளே போகாது, ஆயுசுக்கும் கட்டர் சுத்தம் செய்ய வேண்டாம்" என்பதுதான் பேச்சு. இரண்டுமே பொய்.

சாக்ரமெண்டோவுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. இதே முறையில் வேறு பெயர்களிலும் வருகிறார்கள் என்பதால் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வந்தவர் ஏணி போட்டு ஏறி, சருகு நிரம்பிய கட்டரின் படத்தை டேப்லெட்டில் காட்டினார். இன்றே கையெழுத்துப் போட்டால் பாதி விலை என்றார். 240 அடி, அடிக்கு 28 டாலர், மொத்தம் 6,720 டாலர். அதில் பாதி, 3,360 டாலர், முன்பணமாக அப்போதே கிரெடிட் கார்டில் போனது. ஒரு வாரம் கழித்து வேறொரு பெயர் எழுதிய வேனில் இரண்டு பேர் வந்தார்கள், அரை நாளில் முடித்தார்கள், மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். மே மாதம் முடிந்த வேலையின் லட்சணம் நவம்பரில் முதல் பெருமழை பெய்தபோதுதான் தெரிந்தது. தண்ணீர் கட்டருக்குள் இறங்காமல் மூடியைத் தாண்டி வழிந்து, வீட்டின் அடித்தளத்தை ஒட்டிக் கொட்டியது.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பழைய பைன் ஊசியிலை அப்படியே இருந்தது. சுத்தம் செய்யாமலே மூடியிருக்கிறார்கள். மூடி என்பது துளை போட்ட கறுப்பு பிவிசி பட்டை. மூலைகளில் ஸ்பாஞ்ச் திணித்திருந்தார்கள். பட்டையின் பின்விளிம்பை, கூரையில் ஓடுபோல் வரிசையாக ஒட்டும் தகடான ஷிங்கிளின் முதல் வரிசைக்கு அடியில் பலமாகச் செருகியதில் ஷிங்கிளின் ஒட்டுப்பட்டை பிரிந்துவிட்டது. கட்டரை டேப் பிடித்து அளந்தால் 178 அடிதான். இல்லாத 62 அடிக்கு 1,736 டாலர் வாங்கியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் அச்சிட்டிருந்த லைசென்ஸ் எண் இன்னொரு நிறுவனத்துடையது.

கலிஃபோர்னியாவில் பெரும்பாலான இடங்களில் மே முதல் அக்டோபர் வரை மழை மிகக் குறைவு. இந்த ஆறு மாத வறட்சிதான் இவர்களுக்குக் கவசம். மழை வரும்வரை குறை வெளியே தெரியாது. மழை வரும்போது ஆள் இருக்கமாட்டார். அதைவிட மோசம், அந்த ஆறு மாதமும் வீடு முன்பைவிட அதிக ஆபத்தில் இருந்திருக்கிறது. காய்ந்த ஊசியிலைக்கு மேலே எரியக்கூடிய பிளாஸ்டிக்கை வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தும் வைத்தாயிற்று.

இதைப் புரிந்துகொள்ளக் காட்டுத்தீயில் வீடு எப்படிப் பற்றுகிறது என்று தெரிய வேண்டும். தீச்சுவர் வந்து வீட்டை விழுங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். நிறைய வீடுகள் பற்றுவது காற்றில் பறந்து வரும் தீப்பொறிகளால்தான். எரியும் பட்டைத் துண்டும் கூம்புத் துண்டும் ஒரு மைலுக்கும் அப்பாலிருந்து வரும். 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் ஊரை அழித்த கேம்ப் தீயில் 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின, 85 பேர் இறந்தார்கள். அங்கேயும் தீயின் முன்னணிக்கு வெகு முன்னாலேயே பொறிகள் ஊருக்குள் விழுந்து பற்றவைத்தன. காற்று கூரையில் மோதி வேகம் குறையும் இடத்தில் சருகு எங்கே சேர்கிறதோ, பொறியும் அங்கேயே சேரும். கட்டரில் கிடக்கும் ஊசியிலை அடுப்பு மூட்ட எடுத்துவைத்த செத்தைக்குச் சமம்.

அப்புறம் என்ன ஆகும் என்பது கட்டர் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. வினைல் கட்டர் இளகி, எரியும் சருகோடு சுவரடியில் விழும். அங்கே புதரோ மரப்பட்டைத் தூளோ இருந்தால் தீ சுவரில் ஏறும். அலுமினியக் கட்டர் இடத்திலேயே நிற்கும். அதனால் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே எரிகிற சருகு, கட்டரைப் பொருத்தியிருக்கும் ஃபேசியா பலகையையும் கூரைப்பலகையின் விளிம்பையும் நேராகச் சுடும். தீயைத் தாங்குவதில் உயர்ந்த தரமான ஏ வகுப்பு ஷிங்கிள் போட்ட கூரையானாலும் விளிம்பில் அந்தப் பலகை திறந்திருந்தால் தீ கூரைக்கு அடியில் புகுந்துவிடும்.

இதற்குத் தடுப்பு, டிரிப் எட்ஜ் என்னும் உலோகத் தகடு. ஷிங்கிளுக்கு அடியில் கூரைப்பலகையின் மேல் படிந்து, விளிம்பில் மடங்கி, கட்டரின் பின்சுவருக்கு உள்பக்கமாக இறங்க வேண்டும். ஃபேசியாவுக்கும் கட்டருக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. மூடி விற்பவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. கையில் உள்ள பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், மூடியை விட்டுவிட்டு இந்தத் தகட்டைச் சரிசெய்யுங்கள் என்றே சொல்வோம்.

மூடி போடவே கூடாது என்று சொல்லவில்லை. காட்டுத்தீ அபாயப் பகுதியில் கட்டும் புதுவீடுகளுக்காக 2008-இல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியா கட்டட விதிகளே, கட்டரில் இலைதழை சேராமல் தடுக்க வழி வேண்டும் என்கின்றன. ஆனால் மூடி எரியாத பொருளாக இருக்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் பொருத்திய துருப்பிடிக்காத எஃகு நுண்வலை நல்லது. ஸ்பாஞ்ச் அடைப்பு, பாட்டில் பிரஷ் மாதிரியான நார், பிவிசி பட்டை மூன்றையும் ஒதுக்குங்கள். மூன்றுமே எரியும்; முதல் இரண்டும் ஊசியிலையைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். அலுமினியக் கட்டரின் மேல் செம்பு வலை போட விடாதீர்கள்; ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். நல்ல எஃகு வலை போட்டாலும் சுத்தம் செய்யும் வேலை தீராது. உள்ளே விழவிருந்த சருகு வலையின் மேல், கூரை விளிம்பிலேயே தங்கும். அதைத் தள்ளத்தான் வேண்டும். "ஆயுசுக்கும் சுத்தம் வேண்டாம்" என்று சொல்பவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சுத்தம் செய்ய மட்டும் ஆள் வைத்தாலும் ஏமாற்று உண்டு. லீஃப் ப்ளோவரை எடுத்து ஊதிவிட்டு இருபது நிமிடத்தில் கிளம்புவார்கள். ஊதிய சருகு ஓட்டு இடுக்குகளிலும், தாழ்வாரக் காற்றுத் துளைகளின் வலையிலும், சுவரை ஒட்டிய 5 அடிக்குள்ளும் போய் விழும். அந்த 5 அடிதான் எரிபொருளே இருக்கக் கூடாத வளையம். இறங்கு குழாயின் முழங்கை வளைவில் அடைத்திருப்பதை ஊதி எடுக்கவே முடியாது. சரியாகச் செய்பவர் கையால் அல்லது பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி, ஏணியில் மாட்டிய வாளியில் போடுவார். கூரைச் சரிவுகள் சேரும் பள்ளம், கூரை சுவரைத் தொடும் மூலை, புகைபோக்கியின் பின்பக்கம், ஸ்கைலைட்டைச் சுற்றி இருப்பதையெல்லாம் கீழே இறக்கிப் பச்சைத் தொட்டியில் போடுவார். கடைசியில் இறங்கு குழாய்க்கு எதிர்முனையிலிருந்து தோட்டக்குழாயால் தண்ணீர் விடுவார். கீழே குழாய் வாயில் தண்ணீர் தாராளமாக வர வேண்டும்.

தண்ணீர் விடும்போதே மற்றக் குறைகளும் தெரிந்துவிடும். எங்காவது குளம்போல் நின்றால் சரிவு போதவில்லை. பத்தடிக்குக் கால் அங்குலம் இறக்கம் வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் கொக்கிகள் குறைவு. இரண்டடிக்கு ஒரு கொக்கி, அதன் திருகு ஃபேசியாவைத் தாண்டி ராஃப்டர் எனப்படும் கூரைச் சட்டத்தின் முனையில் இறங்கியிருக்க வேண்டும். பனி விழும் டாஹோ பக்கம் இன்னும் நெருக்கம் தேவை. புதுக் கட்டர் போடச் சொன்னால் தகட்டின் கனத்தை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். 0.032 அங்குலம் என்று பேசிவிட்டு 0.027 அங்குலத் தகட்டை மாட்டிவிடுவார்கள். பெயின்ட் அடித்த பிறகு கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வெட்டி மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கிக் காலிப்பரில் அளந்து பாருங்கள்.

"வருஷத்துக்கு இரண்டு தடவை" என்று பொதுவாக விற்கும் திட்டத்தையும் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கூரைக்கு மேல் எந்த மரம் நிற்கிறதோ, அதுதான் நாள் குறிக்கும். கோஸ்ட் லைவ் ஓக் பசுமை மாறாத மரம், ஆனால் வசந்தத்தில்தான் அதிகமாக இலை கொட்டும். ஏப்ரலில் சுத்தம் செய்தால் ஜூனில் மறுபடி நிறைந்திருக்கும். அந்த மரத்தடி வீட்டுக்கு மே கடைசியோ ஜூனோ சரி. ரெட்வுட்டும் பைனும் கோடைக்கடைசியில் உதிர்க்கும். தீயைப் பரப்பும் வறண்ட பலத்த காற்றுகளான டயாப்லோவும் சான்டா அனாவும் தொடங்குமுன், செப்டம்பர் கடைசிக்குள் அடுத்த சுத்தம் முடிய வேண்டும். தெற்கே மழை தள்ளிப்போனால் டிசம்பரிலும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் அல்டடேனாவையும் பாலிசேட்ஸையும் எரித்த இரண்டு தீயும் மூண்டது 2025 ஜனவரி 7. ரெட் ஃப்ளாக் எனப்படும் தீ அபாய வானிலை எச்சரிக்கை வந்த அன்று ஏணியில் ஏறாதீர்கள். அந்தக் காற்று ஆளையே தள்ளிவிடும்.

இனி காகித விஷயம். மேலே சொன்ன வீட்டுக்காரருக்கு இது முன்பே தெரிந்திருந்தால் பெரும்பணம் தப்பியிருக்கும். கலிஃபோர்னியாவில் வீட்டு மராமத்துக்கு முன்பணம் மொத்தத்தில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. 6,720 டாலர் வேலைக்கு 672 டாலருக்கு மேல் கேட்டதே சட்டமீறல். தனிப் பிணைப்பத்திரம் வைத்திருக்கும் சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அது லைசென்ஸ் பக்கத்திலேயே போட்டிருக்கும். பிறகு கொடுக்கும் தவணைகளும் முடிந்த வேலையின் மதிப்பைத் தாண்டக் கூடாது.

லைசென்ஸ் எண்ணை சிஎஸ்எல்பி எனப்படும் மாநில ஒப்பந்ததாரர் லைசென்ஸ் வாரியத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் உயிரோடு இருக்கிறதா என்பது மட்டும் போதாது. நிறுவனப் பெயர் ஒப்பந்தத்தில் உள்ளதுதானா, கட்டர் வேலைக்குரிய சி-43 வகை இருக்கிறதா, தொழிலாளர் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். "எங்களிடம் ஊழியர் இல்லை" என்று காப்பீட்டு விலக்கு வாங்கியவர் இரண்டு ஆட்களை ஏணியில் ஏற்றி, அந்த ஆட்களில் ஒருவர் விழுந்தால் பிரச்சினை உங்கள் வீட்டுக்கு வரும். 2025 முதல் லைசென்ஸ் இல்லாமல் செய்யக்கூடிய சில்லறை வேலையின் வரம்பு 1,000 டாலர். அதுவும் பர்மிட் தேவைப்படாமல், கூலிக்கு ஆள் வைக்காமல் செய்தால் மட்டுமே.

"கால் ஃபயர் அங்கீகரித்தது" என்று மாநிலத் தீயணைப்புத் துறையின் பெயரைச் சொன்னால் பட்டியல் எண்ணைக் கேளுங்கள். ஸ்டேட் ஃபயர் மார்ஷல் அலுவலகத்தின் கட்டடப் பொருள் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். கால் ஃபயர் ஆய்வாளர்கள் வீட்டைச் சுற்றியுள்ள இடத்தைப் பார்க்க வருவது உண்டு. அவர்கள் எதையும் விற்கமாட்டார்கள். "இன்ஷூரன்ஸ் குறையும்" என்றால் உங்கள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். 2022-இல் மாநிலம் கொண்டுவந்த தள்ளுபடிப் பட்டியலில் ஏ வகுப்புக் கூரை, 5 அடி வளையம், தீப்பொறி தடுக்கும் காற்றுத் துளை போன்றவை உண்டு. கட்டர் மூடி தனி இனமாக இல்லை.

ஒப்பந்தத்தில் அடிக்கணக்கை நீங்களே அளந்து எழுதுங்கள். மூடியின் பொருள், தயாரிப்பின் பெயர், "மூடுவதற்கு முன் முழுச் சுத்தம், இரு தரப்பும் பார்த்த பின்னரே மூட வேண்டும்", "கூரைமேல் தோட்டக்குழாய்த் தண்ணீர் விட்டுச் சோதித்த பின்னரே கடைசித் தவணை" என்ற வரிகள் இருக்கட்டும். மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். மூடிக்கு மூன்று நான்கு அடி மேலே கூரையில் தண்ணீரை விடுங்கள். முக்கியமாகப் பள்ளங்கள் முடியும் மூலையில் விடுங்கள், அங்கேதான் முதலில் தாண்டி ஓடும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? வீட்டுக்கு வந்து விற்ற ஒப்பந்தத்தை மூன்றாவது வேலைநாள் நள்ளிரவுவரை காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் போட்டிருந்தால் ஐந்து வேலைநாள். ரத்துப் படிவத்தை அவர்கள் தரவே இல்லையென்றால் அந்தக் கெடு ஓட ஆரம்பிக்காது. ரத்து செய்தபின் பத்து நாளில் பணம் திரும்ப வேண்டும்.

வேலையே முடிந்துவிட்டது என்றால், கார்டில் கொடுத்ததை ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் வங்கிக்கு எழுதி மறுத்துரையுங்கள். சிஎஸ்எல்பி-யில் நான்கு ஆண்டுவரை புகார் கொடுக்கலாம். லைசென்ஸ் உள்ளவர் எனில் அவருடைய 25,000 டாலர் பிணைப்பத்திரத்தின் மேல் இழப்பீடு கோரலாம். லைசென்ஸே இல்லாதவர் எனில் கொடுத்த முழுத்தொகையையும் திரும்பக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. 12,500 டாலர்வரை, சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றம் போதும், வக்கீல் வேண்டாம்.

ஆனால் எதையும் கழற்றுமுன் டேப் வைத்து அளவு தெரியும்படி படம் எடுங்கள். மூடிக்கு அடியில் கிடக்கும் சருகையும், தூக்கிய ஷிங்கிளையும் கிட்டத்தில் எடுங்கள். பிறகு பிளாஸ்டிக் பட்டையை உடனே இறக்கிச் சருகை அள்ளிவிடுங்கள், வழக்கு முடியும்வரை கூரையில் விட்டுவைக்காதீர்கள். பட்டையில் இரண்டடித் துண்டு ஒன்றை மட்டும் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன பொருள் போட்டார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.