புலி ஹுலி ஆன கதை: ஒத்த சொற்களா, மனப்பாட அட்டைகளா?

இரண்டு மொழிகளை இரண்டு விதமாகக் கற்றுப் பார்த்தவன் நான். இந்தியை மனப்பாட அட்டைகளை வைத்து ஆரம்பித்தேன். கன்னடத்தைத் தமிழோடு ஒத்த சொற்களைப் பிடித்துக்கொண்டு கற்றேன். இந்தி பாதி வழியில் நிற்கிறது. கன்னடத்தில் இப்போது வாக்குவாதம் செய்யும் அளவுக்கு வந்துவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று புரிந்திருக்கும்.

அட்டை முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பலரும் பார்த்ததுதான். ஒரு மொழியில் அதிகம் புழங்கும் ஆயிரம், இரண்டாயிரம் சொற்களின் பட்டியலை எடுத்து, ஆன்கி போன்ற செயலியில் ஏற்றி, அது காட்டுகிறபோதெல்லாம் பொருள் சொல்வது. எந்தச் சொல்லை எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்ற கணக்கைச் செயலியே பார்த்துக்கொள்ளும். 'ஆனால்', 'இப்போது', 'கொஞ்சம்' மாதிரி தினம் வேண்டிய சொற்கள் முதலிலேயே வந்துவிடும். எத்தனை சொல் தெரியும் என்று எண்ணிப் பார்க்கவும் முடியும். இதெல்லாம் உண்மையான நன்மைகள்.

சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. முதல் மாதம் நாளுக்கு இருபது புதுச் சொல் என்று ஜோராகப் போகும். நேற்றைய சொற்கள் இன்று திரும்பி வரும், போன வாரத்தவை நாளை வரும். பத்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தேன். திறந்து பார்த்தால் நானூற்றுச் சொச்சம் அட்டைகள் நிலுவையில் நின்றன. அன்றைக்கு மூடியதுதான், அப்புறம் ஒரு வருடம் திறக்கவில்லை. திறந்தபோது மிச்சமிருந்தது எவ்வளவு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஜெர்மானிய ஆய்வாளர் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்ற கணக்கை 1885இல் வெளியிட்டார். அட்டை முறைக்காரர்கள் அடிக்கடி காட்டும் மறதி வளைகோடு அவருடைய ஆய்விலிருந்து வந்ததுதான். ஆனால் அவர் அதற்காக மனப்பாடம் செய்தவை அர்த்தமே இல்லாத வெற்று அசைகள். அதே மனிதர் பொருளுள்ள கவிதை வரிகளை மனப்பாடம் செய்தபோது, உழைப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தேவைப்பட்டது. என்னைப் பொறுத்தவரை, 'ஆரம்பம்' என்பதற்கு இந்தியில் புழங்கும் 'ஷுரூ' ஒரு வெற்று அசை. மாட்டி வைக்க மனதில் ஆணி கிடையாது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும்.

கன்னடத்தில் நடந்தது வேறு. பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஒருநாள் 'ஹளெ மனெ' என்றார். பழைய வீடு. 'மனெ' நம் மனைதான் என்பது உடனே தெரிந்தது. 'ஹளெ' எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. அன்று இரவு பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. பல்லுக்கு 'ஹல்லு' என்கிறார்கள். அப்படியானால் பழைய என்பதுதான் 'ஹளெ'! பழங்கன்னடத்தில் சொல் முதலில் இருந்த 'ப' பிற்காலத்தில் 'ஹ' ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகத் தானே வந்து விழுந்தன: புலி–ஹுலி, பத்து–ஹத்து, பாம்பு–ஹாவு, புழு–ஹுளு, போ–ஹோகு, பெண்டாட்டி–ஹெண்டதி. 'ஹந்தி' பன்றி என்று தெரிந்த அன்று இரண்டு விதிகள் ஒரே சொல்லில் கிடைத்தன. 'ன்ற' அங்கே 'ந்த' ஆகிறது, ஒன்று 'ஒந்து' ஆவது போல. அடுத்து 'வ' 'ப' ஆகும் வரிசை: வா–பா, விரல்–பெரளு, விலை–பெலெ, வேர்–பேரு.

இதில் நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விதி ஒன்றுதான் நினைவில் நிற்க வேண்டியது, சொற்களை அது தாங்கிக்கொள்கிறது. நடுவில் மூன்று மாதம் கன்னடமே காதில் விழாத காலமும் இருந்தது. திரும்பி வந்தபோது 'ஹுலி' அங்கேயேதான் இருந்தது, நிலுவை என்று எதுவும் சேரவில்லை. எனக்கு இந்த ஒரு காரணமே போதும். இன்னும் துருவிப் பார்க்க ஆசை உள்ளவர்களுக்கு பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) இருக்கிறது. ஒரு சொல்லைத் தேடப் போனால் ஒரு மணி நேரம் காணாமல் போய்விடுவீர்கள், அது வேறு விஷயம்.

சரி, அடி வாங்கிய இடங்களையும் சொல்ல வேண்டும். விதி கையில் கிடைத்த குஷியில் பேசு என்பதை 'ஹேசு' ஆக்கினேன். அங்கே அதற்கு அருவருப்படைவது என்று பொருள்; பேசுவதற்கு 'மாதாடு' என்கிறார்கள். 'பாடு' 'ஹாடு' ஆகிறதே என்று பாடத்தை 'ஹாட' என்றேன். பாடம் வடமொழிச் சொல். அதற்கு இந்த விதி பொருந்தாது, 'பாட' என்றே நிற்கிறது. 'மாடு' என்றால் செய் என்பது எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற ஒன்று. என்னை உண்மையில் தடுக்கி விட்டது 'ஏனு'. அவர்கள் 'என்ன?' என்று கேட்பார்கள். நான் ஏன் என்று கேட்கிறார்களாக்கும் என நினைத்துக் காரணம் அடுக்கிக்கொண்டிருப்பேன். பல மொழிகளுக்குள் ஒரே சொல் நடமாடும்போது இன்னும் மோசம். 'அவசரம்' நமக்கு விரைவு, தெலுங்கில் தேவை, மலையாளத்தில் வாய்ப்பு. அடியோடு தெரியாத சொல் நம்மை எச்சரிக்கையாக வைக்கும். தெரிந்த முகத்தோடு வருகிற சொல்தான் ஏமாற்றும்.

இந்தியையும் இப்படியே கற்றிருக்கலாமே என்று கேட்கலாம். கொஞ்சம் முயன்றேன். சிபாரிசு–சிஃபாரிஷ், மராமத்து–மரம்மத், வசூல், ரத்து என்று அலுவலகச் சொற்கள் கைநிறையக் கிடைத்தன. வடமொழி வழியிலும் நிறைய உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் செய்தித்தாள் இந்திக்குத்தான் உதவின. வீட்டுப் பேச்சில் வேறு சொல் ஓடும். மேலும் 'ஆலோச்னா' என்றால் அங்கே விமர்சனம். ஆலோசனை என்று நினைத்து நன்றி சொல்லிவிடக் கூடாது. கன்னடத்தில் ஒற்றுமை வீட்டுச் சொற்களிலேயே இருந்தது. ஆகவே என் ஒப்பீடு முழுக்க நியாயமானது இல்லைதான். நெருங்கிய மொழி என்ற சலுகை ஒரு பக்கத்துக்கே கிடைத்தது. தமிழோடு பொதுச் சொற்களே இல்லாத மொழி எதையும் நான் கற்றதில்லை. அப்படி ஒன்றைக் கையில் எடுத்தால் அட்டைக்கே திரும்புவேன் என்று நினைக்கிறேன்.

செயலியை இப்போதும் அழிக்கவில்லை. கன்னடத்துக்காக அதில் அறுபது அட்டைகள்தான் வைத்திருக்கிறேன், எல்லாமே ஏமாற்றுக்காரச் சொற்கள். தினம் இரண்டு நிமிடம் போதும். அவற்றில் ஒன்று மட்டும் ஒரு வருடமாகத் தோற்கடித்துக்கொண்டே இருக்கிறது: 'இல்லி'. இங்கே என்று பொருள். யாராவது 'இல்லி' என்று கை காட்டினால் முதல் நொடியில் 'இல்லை' என்றே காதில் விழுகிறது, திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுகிறேன்.