சாக்கா, காற்றுப்புகாப் பையா, தகரக் குதிரா? சிறு விவசாயி வீட்டுத் தானியத்துக்கு எது தாங்கும்

சிறு விவசாயிக்கு உதவி என்று வருகிற திட்டங்களில் பெரும்பாலானவை விதை, உரம், தண்ணீர் என்று வயலோடு நின்றுவிடுகின்றன. களத்திலிருந்து வீடு வந்த தானியம் மூன்றாம் மாதமே மாவும் வண்டுமாகக் கொட்டினால், வயலில் கூட்டிய விளைச்சல் அங்கேயே கழிந்துபோகும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு டன் விளைவித்து, அதில் பெரும்பகுதியை வீட்டுச் சாப்பாட்டுக்கே வைத்துக்கொள்கிற குடும்பத்துக்கு இன்று கைக்கெட்டும் வழிகள் மூன்று: சாதாரணச் சாக்கோடு பூச்சிமருந்துத் தூள், காற்றுப்புகாப் பை, தகரக் குதிர்.

முதலில் காய்ச்சல்

காய்ச்சல் பத்தாத தானியத்தை எந்தக் கலனும் காப்பாற்றாது. மக்காச்சோளத்துக்கு 13 சதவீத ஈரம், உடைத்த நிலக்கடலைப் பருப்புக்கு 7 சதவீதம். அதற்கு மேல் ஈரம் ஏற ஏறப் பூஞ்சணத்துக்கு வழி திறக்கும்; பூஞ்சணம் சுரக்கும் நஞ்சான அஃபிளாடாக்சின் அப்படித்தான் சேர்கிறது. கழுவினாலும் சமைத்தாலும் அது முழுதாகப் போகாது.

ஈரமானி இல்லாத இடத்தில் உப்புச் சோதனை சொல்லித் தருவார்கள். வெயிலில் நன்றாக உலர்த்திய உப்பு ஒரு கைப்பிடி, பாட்டிலில் மூன்றிலொரு பங்கு தானியம், ஒரு நிமிஷம் குலுக்கி, கால்மணி நேரம் விட்டுப் பார்ப்பது. உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம். ஆனால் இந்தச் சோதனை பிடிப்பது ஏறக்குறைய 15 சதவீத எல்லையைத்தான். சாக்குக்கு அது ஓரளவு போதும். சாக்கு மூச்சு விடும், மீதி ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். பைக்கும் குதிருக்கும் போதவே போதாது. உள்ளே அடைபட்ட ஈரம் அங்கேயேதான் கிடக்கும். உப்பு ஒட்டவில்லை என்று நம்பிப் பையைக் கட்டி, இரண்டு மாதம் கழித்துப் புளித்த வாடையோடு பிரிப்பவர்கள் பலர். இதைவிட நல்ல வழி, சிறிய காற்று ஈரமானி ஒன்றைத் தானியத்தோடு ஒரு மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் சில மணி நேரம் வைத்துப் பார்ப்பது. உறைக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குள் இருந்தால் மக்காச்சோளத்தைத் தைரியமாக அடைக்கலாம். ஊருக்கு ஒன்று இருந்தாலே போதுகிற கருவி. ஆயிரம் பைகளை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் இதில் பத்தை வாங்க மறந்துவிடுவதுதான் வேடிக்கை.

சாக்கும் தூளும்

கையில் காசு குறைவாக இருக்கும்போது எல்லாரும் போவது இதற்குத்தான், அதில் குற்றமும் இல்லை. ஆப்பிரிக்காவில் மக்காச்சோளத்துக்கு பல காலம் அதிகம் புழங்கிய கலவைத் தூளில் பிரிமிஃபாஸ்-மீத்தைல் 1.6 சதவீதம், பெர்மெத்ரின் 0.3 சதவீதம், 90 கிலோ மூட்டைக்கு 50 கிராம். இரண்டு மருந்தைக் கலப்பதற்குக் காரணம் உண்டு. முதலாவது கூன்வண்டைக் கொல்லும், ஆனால் பெரிய தானியத் துளைப்பான் என்ற வண்டிடம் அவ்வளவு எடுபடாது, அதற்குத்தான் இரண்டாவது. இந்தத் துளைப்பான் மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970களின் இறுதியில் தான்சானியாவுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து கண்டத்தின் பல நாடுகளுக்குப் பரவி, காய வைத்த மரவள்ளித் துண்டுகளையும் விட்டுவைக்கவில்லை.

தூள் தோற்கிற இடங்கள் தெரிந்தவைதான். மூட்டைக்கு மேலே தூவுவது வீண்; தார்ப்பாயில் தானியத்தைப் பரப்பி, தூளைச் சீராகத் தூவி, மண்வெட்டியால் நாலைந்து முறை புரட்ட வேண்டும். மணிக்குள்ளே இருக்கும் புழுவை அது தொடாது. வெப்பத்தில் சில மாதங்களில் வீரியம் இறங்கிவிடும். பழைய சாக்கின் தையலில் ஒளிந்திருக்கும் வண்டு புதுத் தானியத்துக்கு வந்துவிடும். கொதிநீரில் முக்கி வெயிலில் போட்டபிறகே சாக்கைத் திரும்ப எடுக்கலாம். போலிச் சரக்கு வேறு. அளவு தெரியாமல் அள்ளிப் போடுவது எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் அதே தானியம்தான் அடுப்புக்குப் போகிறது.

காற்றுப்புகாப் பை

1980களின் பிற்பகுதியில் கேமரூனில் காராமணிக்காக அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தாரும் உள்ளூர் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய மூன்றடுக்குப் பைதான் இன்று ‘பிக்ஸ்’ என்ற பெயரில் பரவியிருப்பது. உள்ளே 80 மைக்ரான் பாலித்தீன் உறைகள் இரண்டு, வெளியே பலத்துக்கு நெய்த பிளாஸ்டிக் சாக்கு.

பூச்சி இதில் எப்படிச் சாகிறது? தானியத்தோடு உள்ளே போன வண்டும் புழுவும் மூச்சுவிட்டே ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அளவு 5 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் தின்பது நிற்கிறது. தானியத்தில் வாழும் பூச்சி தண்ணீரைத் தேடிக் குடிப்பதில்லை. உண்டதை ஆக்ஸிஜனோடு எரித்துத் தன் உடம்புக்குள்ளேயே நீரை உண்டாக்கிக்கொள்கிறது. ஆக்ஸிஜன் போனால் அந்த ஊற்றும் போச்சு. மூச்சுமுட்டிச் சாவதைவிட, காராமணி வண்டு தாகத்தில் வற்றித்தான் சாகிறது. மருந்தே இல்லாத வேலை.

கட்டும் முறையில்தான் எல்லாம். உறைக்குள் காற்றடைத்துப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக விரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் குலுக்கி, கழுத்துக்கு ஒரு முழம் விட வேண்டும். மேலே நிற்கும் காற்றை அமுக்கி வெளியேற்றி, உள்ளுறையைக் கயிறுபோல முறுக்கி, மடித்து, இறுகக் கட்டு. நடு உறையைத் தனியாகக் கட்டு. பிறகு சாக்கு. மூன்றையும் சேர்த்து ஒரே கட்டாகப் போட்டால் முறுக்கின் இடுக்கு வழியே காற்று நுழையும். பை மேல் வரும் புகார்களில் இதுவே அதிகம். முதல் ஒரு மாதம் பிரிக்கக் கூடாது. வாரா வாரம் பிரித்து ஒரு படி எடுக்கிற வீட்டில் பூச்சிக்கும் வாராவாரம் மூச்சு கிடைக்கும். அதனால் நடப்புச் செலவுக்கு ஒரு சாக்கு வெளியே இருக்கட்டும், பைகளை ஒவ்வொன்றாகத் திறக்கலாம்.

எலி கடித்தால் பை போனது போனதுதான். சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவது பாதி காவல். துளைப்பான் வண்டு உள்ளுறையைத் துளைப்பதும் உண்டு. உறை நல்லபடி இருந்தால் இரண்டு மூன்று பருவம் ஓடும்.

தகரக் குதிர்

1980களில் ஹோண்டுராசில் சுவிட்சர்லாந்து உதவியோடு வேரூன்றி, மத்திய அமெரிக்கா எங்கும் போனது. துத்தநாகம் பூசிய தகட்டை உள்ளூர்த் தகர வேலைக்காரரே உருட்டிப் பற்றவைத்துச் செய்வது. எலிக்கு இது ஒன்றுதான் முழுப் பதில். பராமரித்தால் 15 வருஷத்துக்கு மேலும் நிற்கும்.

காற்றுப்புகாது என்று சொல்லி விற்கப்படுவதில்தான் எனக்குச் சந்தேகம். மூடும் முன் உள்ளே மெழுகுவத்தி ஏற்றிவைத்தால் ஆக்ஸிஜன் தீர்ந்து பூச்சி சாகும் என்று பல பயிற்சிகளில் சொல்கிறார்கள். மெழுகுவத்தி ஏறக்குறைய 16 சதவீத ஆக்ஸிஜனிலேயே அணைந்துவிடும். பூச்சி அடங்க 5 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். குதிர் நிறைய இருந்து, வாய்க்கும் அடித் திறப்புக்கும் ரப்பர்ப் பட்டை இறுக்கியிருந்தால் பூச்சியே மீதியைத் தீர்க்கும். பாதி காலியான குதிரில் காலியிடத்துக் காற்றே பூச்சிக்குப் பல வாரம் வரும். ஆகவே பலர் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை வெளிவிடும் மாத்திரை போடுகிறார்கள், பத்து நாள் திறக்காமல் வைக்கிறார்கள். அந்த வாயு ஆளைக் கொல்லும். ஆள் தூங்குகிற வீட்டில் குதிர் நின்றால் மாத்திரை பேச்சே கூடாது.

வெயிலில் நிறுத்துவது இன்னொரு தவறு. பகலில் சூடேறிய ஈரக்காற்று இரவில் குளிர்ந்த கூரைத் தகட்டில் நீர்த்துளியாகக் கோத்து மேலே சொட்டும். மேல்தட்டுத் தானியம் கட்டிபிடித்து முளைவிடும். நிழல், கூரை, தரையிலிருந்து எழும்பிய மேடை இவை மூன்றும் வேண்டும். வாங்கும்போது இரவில் உள்ளே டார்ச்சை எரியவிட்டு மூடிப் பாருங்கள். பற்றுவைப்பில் விட்டுப்போன இடம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும்.

யாருக்கு எது

அரை டன்னுக்குக் குறைவாக வைப்பவருக்கும், பயறு வைப்பவருக்கும், விதைக்கு ஒதுக்குபவருக்கும் பைதான். எலித் தொல்லை தாங்காத ஊரில், தனிக் கொட்டகை உள்ளவர், ஒரு டன்னுக்கு மேல் ஒரே தானியத்தை வைப்பதானால் குதிர். மூன்று மாதத்துக்குள் விற்றுவிடுவதானால் சுத்தமான சாக்கும் நல்ல காய்ச்சலுமே போதும், தூள்கூட வேண்டாம்.

அறுவடையன்றே கடன்காரர் வாசலில் நிற்கிற வீட்டுக்கு இந்த மூன்றும் உதவாது. பை வாங்கிக் கொடுத்தாலும் தானியம் அன்றைக்கே போய்விடும். நைஜரில் 1990களின் இறுதியிலிருந்து பரவிய ‘வாரன்டாஜ்’ முறை அங்கேதான் பொருந்துகிறது. பொதுக் கிடங்கில் தானியத்தை வைத்து, அதையே ஈடாகக் காட்டிக் கடன் வாங்கி, விலை ஏறியபின் விற்று அடைப்பது. கதவுக்குப் பூட்டு இரண்டு: ஒரு சாவி விவசாயிகள் குழுவிடம், மற்றது கடன் கொடுத்தவரிடம். அந்தக் கிடங்குக்குள் மூட்டை போகும் முன்பும் ஈரமானியைப் போட்டுப் பார்க்க வேண்டும், ஒரு வீட்டின் ஈரமூட்டை அடுக்கு முழுவதையும் கெடுத்துவிடும்.