லைன் வீட்டில் எட்டு வருடம் சப்மீட்டர்: என் அனுபவம்

திருப்பூர் வேலம்பாளையம் பக்கம் எங்களுக்கு ஒரே வளவில் நான்கு லைன் வீடுகள். 2015-ல் கட்டி முடித்தபோது கையிலிருந்த காசுக்கு ஒரே ஒரு ஈபி இணைப்புதான் வாங்க முடிந்தது. எந்த வீட்டில் எத்தனை யூனிட் ஓடியது என்று பார்க்க, வீட்டுக்கு ஒரு சப்மீட்டர் மாட்டினோம். எட்டு வருடம் அப்படியே ஓடியது. குடியிருப்பவர்கள் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலையில் கணக்கை முடித்துவிடுவார்கள். பணம் வராமல் நான் திண்டாடியதே இல்லை. எனக்குத் தொல்லை கொடுத்ததெல்லாம் மீட்டர்தான்.

மூன்றாவது வீட்டுப் பெண் ஒருநாள் வந்து, "ஏனுங்க்கா, ரெண்டு பேரும் பகல் முழுக்கக் கம்பெனியில இருக்கறோம். எங்களுக்கு மட்டும் எப்படிங்க இத்தனை யூனிட்டு?" என்று கேட்டாள். மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்ததே தவிர, அது சரியாக ஓடுகிறதா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். ஒரு பக்கெட் தண்ணீரில் 1000 வாட்ஸ் ஹீட்டர் ராடைப் போட்டு, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வீட்டுக்கு அரைமணி நேரம். அரை யூனிட் ஏற வேண்டும். மற்ற மூன்று வீட்டிலும் 0.5 காட்டியது. அவள் வீட்டில் 0.7. அதிகமாக வாங்கியதைக் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீட்டரையும் மாற்றினேன். சப்மீட்டர் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது இப்படிப் பார்த்துவிடுங்கள். குடியிருப்பவர்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பார்ப்பது நல்லது.

அதைவிடப் பெரிய விஷயம் ஸ்லாப், அதாவது யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் படிக்கட்டுக் கணக்கு. 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நான்கு வீட்டுக்கும் இணைப்பு ஒன்றுதான் என்றால் அந்த 100-ம் ஒன்றுதான். எங்கள் வளவில் வீட்டுக்கு 120 யூனிட், மோட்டார் 80, ஆக மொத்தம் 560. 500-ஐத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும். 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்கு அப்புறம் அது நன்றாகவே தெரிந்தது. தனி இணைப்பு இருந்தால் அதே வீடு 20 யூனிட்டுக்கு மட்டும்தான் காசு கட்டும். நம் சிக்கனத்துக்காக அவர்கள் எட்டு வருடம் கூடுதலாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது மனசு கேட்கவில்லை. தெருவில் எல்லோரும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் வாங்குகிறார்களே என்று முதல் இரண்டு வருடம் நானும் வாங்கினேன். அது தப்பு. ஈபி பில் தொகையை ரீடிங் விகிதப்படி பிரிப்பதுதான் நியாயம்.

2023-ல் நான்கு வீட்டுக்கும் தனி இணைப்பு வாங்கினோம். வீட்டு வரி ரசீது, பத்திரம், ஒயரிங் வேலை என்று அலைச்சல்தான், ஆனாலும் செய்ததற்குப் பலன் இருக்கிறது. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைப்பு நம் பெயரில் இருப்பதால், பில் கட்டாமல் காலி செய்துவிட்டால் பாக்கி நம் தலையில்தான். சாவி வாங்கும் அன்றே ரீடிங் எடுத்து அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறேன். அதற்காக, குடியிருக்கும்போதே பாக்கி என்று ஃபியூஸைப் பிடுங்கும் வேலை மட்டும் வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி கரண்டு, தண்ணீரை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். கரண்டு பில்லை யார், எப்படிக் கட்டுவது என்று இப்போது அதிலேயே ஒரு வரி எழுதிவிடுகிறேன்.

மோட்டாருக்குப் பொது இணைப்பு. அதற்கு இலவச யூனிட் கிடையாது, வரும் பில்லை நான்காகப் பிரிக்கிறோம். போர் தண்ணீர் ஏற்றும் நேரத்தையும் யூனிட்டையும் மோட்டார் ரூம் கதவில் தொங்கும் நோட்டில் எழுதுவது இப்போது மூன்றாவது வீட்டுப் பெண்தான்.